நகரோரப் பசுமையும் நம் திடலும்

நகரத்தின் ஓரத்தில் மரத்தையும் வெளியையும் விட்டுவைக்க வேண்டும் என்று நகர அமைப்பாளர்கள் சொல்லி வருகிறார்கள். காற்று தூய்மையாகும், வெள்ளம் தணியும், வெக்கை குறையும் என்று அதற்குக் காரணமும் காட்டுகிறார்கள். அவை யாவும் உண்மையே. ஆயினும் நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறொரு பயன். நாலு பேர் கூடிப் பேசவும், ஆடவும் பாடவும், சாமி கும்பிடவும், பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் ஓர் இடம் வேண்டுமல்லவா? அந்தப் பயனைப் பற்றியே பேசப் போகிறோம்.

இது பட்டணத்தாரின் கவலை, பால்மரத்துக்கும் செம்பனைக்கும் நடுவில் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையில் நகரத்து ஓரம் என்று எதைச் சொன்னார்களோ, அது பல பத்தாண்டுக் காலம் நம்முடைய லயமும் நம்முடைய நிரையுமாகவே இருந்தது.

முதலில் ஏரிப் பூங்காவிலிருந்து தொடங்குவோம். 1888 ஆம் ஆண்டில் சிலாங்கூரின் மாநிலப் பொருளாளராக இருந்தவர் ஆல்பிரட் வென்னிங் என்ற ஆங்கிலேயர். ஊரை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கில் பூங்கா அமைக்க வேண்டும் என்று அவர் அரசாங்கத்திடம் யோசனை சொன்னார். 173 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டே பூங்கா திறக்கப்பட்டது. அன்றைய கோலாலம்பூர் சின்னஞ்சிறு ஊர். ஈயச் சுரங்கத்துக் கூலிகளும், அத்தாப்புக் கூரைகளுக்குப் பதிலாக அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த செங்கல் கட்டடங்களுமே அந்த ஊர். அந்தச் செங்கல் சுட்ட சூளைகளால் பெயர் பெற்றதுதான் பிரிக்பீல்ட்ஸ். அவ்வளவு சிறிய ஊருக்கு இத்தனை பெரிய பூங்கா எதற்கு என்று அன்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். இன்று அந்தப் பூங்காவைச் சுற்றி நான்கு புறமும் நகரம் மூடிக்கொண்டுவிட்டது. 1975 இல் தாமான் தாசிக் பெர்டானா என்றும், 2011 இல் பெர்டானா தாவரவியல் பூங்கா என்றும் பெயர் மாறினாலும் இடம் மாறவில்லை. ஊர் சிறிதாக இருக்கும்போதே ஓரத்தை ஒதுக்கி வைத்தவன் புத்திசாலி. ஊர் பெருத்த பிறகு ஒதுக்க நினைத்தால் நிலத்தின் விலை நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

ஆனால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பூங்கா யாரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது? மாலையில் குதிரை வண்டியில் உலாவ வரும் துரைமார்களையும் அவர்கள் குடும்பத்தாரையுமே. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த நம்மவர்களுக்குப் பூங்கா நடை தூரம்தான். இருந்தும் அவர்களுடைய வழிபாட்டுக்கும் கூத்துக்கும் அங்கே இடம் எண்ணப்படவில்லை. தங்கள் இடத்தை அவர்கள் வேறு பக்கம் தேடிக்கொண்டார்கள்.

பத்துமலையைத்தான் சொல்கிறோம். 1891 இல் தம்புசாமிப் பிள்ளை அவர்கள் அந்தச் சுண்ணாம்புக் குன்றின் குகையில் முருகனுக்குக் கோயில் கண்டார். 1892 முதல் தைப்பூசம் அங்கே நடந்து வருகிறது. நகரத்துக்கு வடக்கே, காட்டு ஓரத்தில் இருந்த இடம் அது. எந்த நகர அமைப்பாளரும் அதை வரைபடத்தில் குறித்துக் கொடுக்கவில்லை. மாட்டு வண்டியிலும் ரயிலிலும் பின்னாளில் லாரியிலும் தோட்டத்து மக்கள் வந்து இறங்கினார்கள். ஆற்றோரத்து மர நிழலில் மூன்று கல் கூட்டிப் பொங்கினார்கள். பெண் பார்த்ததும், சம்பந்தம் பேசியதும், ஒரே கப்பலில் வந்து வெவ்வேறு தோட்டத்துக்குப் பிரிந்தவர்கள் மறுபடி கண்டுகொண்டதும் அங்கேதான். நகரோர வெளி ஒன்று பண்பாட்டுக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இந்த எண்ணம் தமிழருக்குப் புதிதும் அன்று. மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரத்து உவவனம் என்ற மலர்ச்சோலையைப் படித்திருப்போம். பூப்பறிக்கப் போன மணிமேகலையின் வாழ்க்கை திரும்புவது அந்தச் சோலையில்தான். ஊருக்கு வெளியே மந்தையும், ஊருணியும், வெட்டக்கூடாத கோயில் காடும் வைத்துக்கொண்ட மக்கள் நம் முன்னோர். கப்பலேறி வந்தபோது மூட்டையில் கட்டிக்கொண்டு வரமுடியாத சொத்து அது. இங்கே வந்து புதிதாக உண்டாக்கிக்கொண்டார்கள்.

இனி நகர அமைப்புக் கலைக்கு வருவோம். 1898 இல் இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்ட் என்பவர் ஒரு நூல் எழுதினார். நகரத்தின் வசதியும் நாட்டுப்புறத்தின் நலமும் ஒன்றாகச் சேர்ந்த பூங்கா நகரங்களைக் கட்ட வேண்டும், ஒவ்வொரு நகரத்தைச் சுற்றியும் விளைநிலமும் காடுமாக ஒரு பசுமை வளையம் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தக் கருத்தைக் கைக்கொண்டவர்களில் ஒருவர் சார்லஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்து, தெற்கு ஆஸ்திரேலியாவில் அரசாங்க நகர அமைப்பாளராகப் பணியாற்றியவர். அவர் 1921 இல் கோலாலம்பூருக்கு வந்து, மலாய்க் கூட்டு மாநிலங்களின் நகர அமைப்பாளரானார். நகர அமைப்புக்கென 1923 இல் இங்கே சட்டம் வந்ததில் அவருடைய உழைப்பு உண்டு.

ரீட் வந்த அந்த ஆஸ்திரேலிய மாநிலத்தின் தலைநகர் அடிலேட். நகரத்தைச் சுற்றிலும் பூங்கா நிலம் வளையமாக அமைந்த ஊர் அது. 1837 இல் அதை அளந்து வகுத்தவர் கர்னல் வில்லியம் லைட். யார் இந்த லைட்? பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் மகன். கெடா மண்ணில் பிறந்த பிள்ளை. நம் நாட்டில் பிறந்தவர் வகுத்த பசுமை வளையம் ஆஸ்திரேலியாவில் நின்றது. அதைக் கண்டு தேர்ந்த ஒருவர் எண்பது ஆண்டுக்குப் பின் நம் நாட்டுக்கு நகர அமைப்பைச் சொல்லிக் கொடுக்க வந்தார். சரித்திரம் இப்படிச் சில சமயம் சுற்றிக்கொண்டு வீடு திரும்புகிறது.

ரீட் இங்கே இருந்த காலத்திலேயே கெப்போங்கில் இன்னொரு வேலை நடந்தது. ஈயம் தோண்டித் தோண்டிச் சீரழிந்துபோன நிலத்தில் காட்டிலாகா மரம் நடத் தொடங்கியது. 1929 இல் அங்கே வன ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. மணலும் குழியுமாகக் கிடந்த இடம் இன்று 500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு. மனிதன் கையால் நட்டு எழுப்பிய காடு அது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பாழ்நிலம் என்று கைவிட்டதைப் பசுமையாக்க ஒரு தலைமுறை உழைத்தால் போதும் என்பதை நேரில் பார்க்க வேண்டுவோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கெப்போங்குக்குப் போகலாம்.

இப்போது நம் கதைக்கு வருகிறோம். பூங்கா நகரத்துக்குப் பசுமை வளையம் வேண்டும் என்று ஹோவர்ட் எழுதிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியே கோலாலம்பூரைச் சுற்றி ஒரு வளையம் தானாக உருவாகத் தொடங்கியது. அதுதான் ரப்பர் தோட்டங்கள். இன்றைய பங்சார் ஒரு ரப்பர் தோட்டம். அதன் உடைமையாளர்களான பூங்ஜே, கிரிசார் என்ற இருவரின் பெயர்கள் சேர்ந்தே பங்சார் ஆயிற்று என்று சொல்வார்கள். பிரிக்பீல்ட்ஸைத் தாண்டினால் பால்மரம், பெட்டாலிங்கில் பால்மரம், சுபாங்கில் பால்மரம், கிள்ளான் வரைக்கும் பால்மரம். வரைபடத்தில் யாரும் அதைப் பசுமை வளையம் என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் நகரத்துக்குக் காற்றும் நிழலும் கொடுத்தது அதுதான். அந்த நிழலைக் கட்டிக் காத்தவர்கள் விடிவதற்கு முன்னே எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள்.

அந்தத் தோட்டங்களில் வாழ்க்கை சொர்க்கமாக இருந்தது என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொன்னால் உங்கள் வீட்டுப் பாட்டிமார்களே வானொலியை மூடிவிடுவார்கள். கூலி குறைவு, லயத்து வீடு ஒடுக்கம், பிள்ளைகளின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்ற காலம் அது. ஆனால் வீட்டுக்கு வெளியே இடம் இருந்தது. நாங்கள் பிறந்து வளர்ந்தது கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டம். லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு திடல். திடலின் ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். பகலில் அதன் அடியில்தான் ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள் விளையாடும். சாயங்காலம் இளைஞர்கள் பந்தாடுவார்கள். சம்பள நாளன்று துணி வியாபாரி சைக்கிளை அங்கேதான் சாய்த்து வைப்பார். ஆண்டுக்கு ஒரு முறை அதே திடலில் குழி வெட்டி, கட்டை அடுக்கி, பூக்குழி இறங்குவார்கள். திருவிழா இரவில் மரக்கிளையில் விளக்கைக் கட்டி நாடகம் போடுவார்கள். பொன்னர் சங்கர் கதையை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. அந்த மரத்தடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, பாதி தூக்கத்தில் கேட்டோம்.

கவனியுங்கள். ஒரே திடல். விளையாட்டுத் திடல், சந்தை, நாடக மேடை, கோயில் வெளி, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அதுவே. நகர அமைப்பாளர்கள் இன்று இவற்றுக்குத் தனித்தனியே இடம் ஒதுக்கி, தனித்தனியே வேலி போட்டு, தனித்தனியே விதிமுறைப் பலகை வைக்கிறார்கள். இடம் இருக்கிறது, ஆனால் அங்கே உறுமி அடிக்கக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது, புல்லின் மேல் உட்காரக்கூடாது என்றால் அது பார்ப்பதற்கான பசுமையே ஒழிய வாழ்வதற்கான பசுமை ஆகாது. சத்தம் போடுவதற்கும் பக்கத்து வீட்டாருக்கு ஓர் எல்லை வேண்டும்தான். அதற்காகத்தான் நகரத்தின் ஓரம் என்று ஒன்று இருப்பது. நடு நகரத்தில் செய்ய முடியாததை அங்கே செய்யலாம்.

பிறகு வளையம் உடையத் தொடங்கியது. 1952 வாக்கில் பெட்டாலிங் ஜெயா, ஒரு ரப்பர் தோட்டத்தின் மேல் எழுந்தது. பின்னர் ஷா ஆலாமும் சுபாங் ஜெயாவும் வந்தன. தோட்டம் போனபோது மரமும் போனது, மரத்தோடு திடலும் போனது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் சில இடங்களில் மட்டும் தப்பி, அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கின்றன.

எல்லாவற்றிலும் நம்மைச் சிந்திக்க வைப்பது புத்ராஜெயா. அந்த இடத்துக்கு முன்னாளில் பெயர் பிராங் பெசார் தோட்டம். பெரிய யுத்தம் என்று பொருள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேயச் சிப்பாய் அதிகாரிகள் 1921 இல் தொடங்கிய தோட்டம் ஆதலால் அந்தப் பெயர். ‘பிபி 86’ என்ற பால்மர வகையை நம் தோட்டங்களில் வெட்டியவர்கள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அந்த ‘பிபி’ என்பது இந்தப் பிராங் பெசார்தான். 1995 இல் அங்கே புதிய நிர்வாக நகரத்தைக் கட்டும் வேலை தொடங்கியது. நகரத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 38 விழுக்காட்டைப் பசுமைக்கென்றே திட்டத்தில் ஒதுக்கினார்கள். ஏரியும் ஈரநிலமும் தாவரவியல் பூங்காவுமாக, பூங்கா நகரம் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் வேறெங்கும் இவ்வளவு பொருத்தம் இல்லை. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அதே மண்ணில் பிராங் பெசார், காலோவே, செட்ஜ்லி, மாடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. அவர்களை டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேற்றினார்கள். மரத்தை எண்ணி ஒதுக்கத் தெரிந்த திட்டத்துக்கு, அந்த மண்ணில் மரம் வளர்த்தவர்களின் திடலையும் சேர்த்து எண்ண ஏன் தெரியவில்லை என்று கேட்பது பிழையாகுமா?

இந்தக் கேள்விக்குக் கோலாலம்பூரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. சற்று விரிவாகவே சொல்லுகிறோம். நகரத்தின் மேற்கு ஓரத்தில் புக்கிட் கியாரா என்ற குன்று. அதுவும் ரப்பர் தோட்டமாக இருந்ததே. அரசாங்கம் அந்தத் தோட்டத்தைப் பொது நோக்கத்துக்காக எடுத்துக்கொண்டது. தொழிலாளர்களை 1980களில் தற்காலிக நீள்வீடுகளில் குடிவைத்தார்கள். நிரந்தர வீடு வரும் என்ற பேச்சு இருந்தது. தற்காலிகம் என்றார்கள். நாற்பது ஆண்டு ஆயிற்று. ஏறக்குறைய நூறு குடும்பங்கள் அங்கேயே பிள்ளை பெற்று, பேரன் கண்டு, கோயிலைக் கும்பிட்டு வாழ்ந்தன. குன்றில் பால்மரங்களுக்கு இடையே காட்டு மரங்கள் முளைத்து அது மீண்டும் காடாயிற்று. காலையில் நடக்க வரும் நகரத்து மக்கள் அங்கே தழும்பு விழுந்த பால்மரங்களைக் கடந்து போகிறார்கள். அந்தத் தழும்பு யாருடைய கத்தியால் விழுந்தது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

குன்றின் அடியில் இருப்பது தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா, சுமார் 25 ஏக்கர். 2017 இல் அதில் ஏறத்தாழ 12 ஏக்கரை எடுத்து, உயர்ந்த அடுக்குமாடி வீடுகள் கட்ட மாநகராட்சி அனுமதி கொடுத்தது. அந்தத் திட்டத்திலேயே நீள்வீட்டுக் குடும்பங்களுக்கும் வீடு உண்டு என்று சேர்த்திருந்தார்கள். இதனால் என்ன ஆயிற்று? பூங்காவைக் காக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். வீட்டுக்காக அத்தனை ஆண்டு காத்திருந்த நீள்வீட்டு மக்களின் சங்கமோ எதிர்த் தரப்பில் நிற்க நேர்ந்தது. பூங்காவா, பாட்டாளி வீடா என்று இரண்டையும் மோத விட்டது போலாகிவிட்டது. அவர்கள் நிலையில் இருந்திருந்தால் நாமும் வீட்டின் பக்கமே நின்றிருப்போம். மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவரிடம் மரத்தின் அருமையைப் பேசுவது எளிதன்று.

உயர் நீதிமன்றத்தில் குடியிருப்பாளர்கள் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்துச் செய்தது. 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன் அம்மையார். மாநகரத்தின் கட்டமைப்புத் திட்டம் அந்த இடத்தைப் பொதுமக்களுக்கான பூங்கா என்று சொல்லியிருக்கும்போது, தக்க காரணம் காட்டாமல் அதிலிருந்து விலக முடியாது என்பது தீர்ப்பின் சாரம். திட்டம் என்பது அலமாரியில் வைக்கும் காகிதம் இல்லை, அதிகாரியையும் கட்டுப்படுத்தும் வாக்கு என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்த வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூங்கா காப்பாற்றப்பட்டதற்குக் காரணம் அது திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. நீள்வீட்டு மக்கள் நாற்பது ஆண்டு அலைந்ததற்குக் காரணம் அவர்களுக்குக் கிடைத்த வாக்கு அவ்விதம் எழுத்தில் கட்டப்படவில்லை. நூறு குடும்பங்களுக்கு வீடு கட்டப் பூங்காவில் பாதி வேண்டுமா என்ன? அவர்கள் குடியிருந்த நிலத்திலேயே வீடு கட்டிக் கொடுங்கள் என்று பூங்காவுக்காகப் போராடியவர்களும் சொல்லித்தான் வந்தார்கள். மோதல் அந்த இரு சாராருக்கும் இடையில் இயல்பாக எழுந்ததன்று. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியதால் எழுந்தது.

இனி உங்கள் தோட்டத்தைப் பாருங்கள். கிள்ளானிலும் கோல லங்காட்டிலும் இன்னும் தோட்டங்கள் இருக்கின்றன. 1976 ஆம் ஆண்டு நகர, கிராம அமைப்புச் சட்டத்தின்படி, நில உபயோகத்துக்கான திட்ட வரைவு தயாரானால் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பார்த்தவர்கள் தங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்கலாம். இதை ஏதோ வக்கீல்களின் காரியம் என்று விட்டுவிடுகிறோம். அந்த வரைபடத்தில் நம் தோட்டம் ஒரே வண்ணத்தில் தீட்டிய ஒரு கட்டமாகத்தான் இருக்கும். கோயில் அதில் இருக்காது. முனியாண்டி நிற்கும் மரம் இருக்காது. திடல் இருக்காது. புதிய தாமான் வரும்போது நூற்றுக்குப் பத்துப் பங்கு திறந்த வெளியாக விடுவது வழக்கம். அந்தப் பத்துப் பங்கு எங்கே விழும்? பெரும்பாலும் கால்வாய் ஓரத்திலும் மின்கம்பிக்கு அடியிலும். அதையே பழைய திடலும் மரமும் இருக்கும் இடத்தில் விடச் சொல்லிக் கேட்டால் கட்டுகிறவருக்கும் பெரிய நட்டம் இல்லை. ஆனால் திடல் எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளியும் பழைய தோட்டத்து மண்ணைவிட்டு இடம் மாறிய பள்ளிதான். கட்டடம் நன்றாக இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை. பொங்கலுக்கு நாங்கள் வாகன நிறுத்துமிடத்தில் கோலம் போட்டு அடுப்பு வைக்கிறோம். தார் உருகும் என்று முதலில் பலகை விரிக்கிறோம். சென்ற ஆண்டில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் இருக்கும் பாட்டி, தாத்தாவிடம் கேட்டு, பழைய தோட்டத்தின் படத்தை வரைந்து வரச் சொன்னோம். பெரிய வெள்ளைத் தாளில் லயங்களும், பால் கொட்டகையும், கிணறும், ஆயாக்கொட்டகையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மரம் எங்கே நின்றது என்பதில் மட்டும் இரண்டு பாட்டிகளுக்குள் தகராறு. ஒருவர் கோயிலுக்கு வலப்பக்கம் என்றார். மற்றவர் இடப்பக்கம் என்றார். கடைசியில் இருவரையும் பள்ளி வேனில் ஏற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே போனோம். அங்கே இப்போது கடைவரிசை. வெகு நேரம் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்துவிட்டு, ஒரு பலசரக்குக் கடையின் வாசற்படிக்குப் பக்கத்தில் நின்று, இங்கேதான் என்று இரண்டு பேரும் ஒருமிக்கச் சொன்னார்கள். மாணவர்கள் அந்த இடத்தைப் படத்தில் பச்சை மையால் வட்டமிட்டார்கள். படம் எங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது.